பருத்தி ஆடை மட்டும்

என் உடம்பு பாதியான கதையை யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். பாதி உடம்பைப் போர்த்திக்கொண்டு முழு உடம்பின் தோல் மிச்சம் கிடந்த கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குத் துணிச்சல் காரணமில்லை. ஒரு கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் அணுகுண்டு. பட்டாசு ஊரில் குண்டாக இருக்கிற பையனுக்குப் பட்டப்பெயர் வைக்க எவனும் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. ஒருநாள் அந்த வெடியின் நிறத்திலேயே பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன், பெயர் ஒட்டிக்கொண்டது. விருதுநகரில் கல்லூரிக்குப் போனபோது பெயர் கழன்றது, உடம்பு கழலவில்லை. அந்த ஊரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். வேதியியல் படித்த மூன்று வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே பரிசோதனை, ஒரு மனிதன் ஒரு ராத்திரியில் எத்தனை எண்ணெய் பரோட்டா தாங்குவான் என்பதுதான். டிகிரி வாங்கும்போது நூற்று நாற்பது கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தேன். குரூப் போட்டோவில் என்னை ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். ஓரத்தில் நின்றும் நடுவில் நிற்பது மாதிரியே விழுந்திருக்கிறது.

அப்புறம் குறைத்தேன். விடிகாலையில் கண்மாய்க் கரையில் ஓட்டம், சாயங்காலம் திருத்தங்கலில் ஜிம், நடுவில் சோற்றைக் கண்டால் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரனைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது. இரண்டு வருஷம். பாதி ஆளானேன்.

ஊர் மாலை போடும் என்று எதிர்பார்த்தேன். என் பெரியம்மா தெருவில் நிறுத்திக் கேட்டாள்.

"ஏலே, சுகரா?"

"இல்ல பெரியம்மா. நானாத்தான் கொறச்சேன்."

"நானாக் கொறச்சேன்னா? எவனாச்சும் சும்மா கொறைப்பானா? எந்த ஆசுபத்திரில பாக்குற, அதச் சொல்லு."

சுகர் இல்லை என்று நிரூபித்த பிறகு காதல் தோல்வி என்றார்கள். அதையும் மறுத்த பிறகு, வெளியே சொல்லமுடியாத ஏதோ பெரிய சீக்கு என்று முடிவு செய்து, வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்தார்கள். என்னை மதித்த ஒரே ஆள் ஜிம் மாஸ்டர். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் பெரிதாக ஒரு பிளெக்ஸ் வைத்தார். இடது பக்கம் பழைய நான், வலது பக்கம் புதிய நான். மேலே "உங்களாலும் முடியும்". வலது பக்கத்து நான் இறுக்கமான டி-சர்ட் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மாஸாக நிற்பேன். கையைக் கட்டியது ஸ்டைலுக்கு இல்லை. விரித்தால் புஜத்துக்கு அடியில் தொங்கும் தோல் சிறகு மாதிரி ஆடும்.

அந்தத் தோலைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. கொழுப்பு காலி செய்துகொண்டு போய்விடும், வீடு அப்படியே நிற்கும் என்று எந்த வீடியோவிலும் வரவில்லை. என் வயிறு முந்தானை மாதிரித் தொங்கியது. குனிந்தால் எனக்கு முன்னால் எட்டிப் பார்க்கும். ஒருக்களித்துப் படுத்தால் பாயில் எனக்கு முன்னால் அது படுத்துவிடும். ஓடினால் சப் சப்பென்று கைதட்டும். கண்மாய்க் கரையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில் என்னைக் கைதட்டி உற்சாகப்படுத்திய ஒரே ரசிகர் அதுதான். மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகும், பவுடரைக் கொட்டிக்கொள்வேன். ஜிம் மாஸ்டர் மாதாமாதம், "ஒட்டிரும்லே, இன்னும் ஒரு மாசம்" என்பார். டாக்டரிடம் கேட்டதற்கு, "இது ஒட்டாது தம்பி, வெட்டித்தான் எடுக்கணும்" என்று துணிக்கடைக்காரர் மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குண்டாக இருந்த காலத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிணற்றில் குதித்தவன் நான். அப்போது எல்லாம் கும்மென்று, மிருதங்கம் மாதிரி, தட்டினால் நாதம் வரும். ஒல்லியான பிறகு அம்மா முன்னால்கூடச் சட்டையைக் கழற்றவில்லை. நான் மறைக்க ஆரம்பித்ததே ஜெயித்த பிறகுதான்.

ஆன்லைனில் ஒரு பனியன் கிடைத்தது. நைலானும் ரப்பரும் கலந்த கறுப்புப் பனியன். அதற்குள் நுழைவதற்குள் தினமும் ஒரு மல்யுத்தம் முடிந்துவிடும். நுழைந்துவிட்டால் தோலையெல்லாம் வாரிச் சுருட்டி அமுக்கி, பிளெக்ஸில் இருக்கிற ஆளை வெளியே அனுப்பும். மூச்சு கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான். அம்மா அதை ரப்பர் பனியன் என்பாள். எதற்கு என்று கேட்டதில்லை. ஜிம் சமாச்சாரம் என்று நினைத்திருப்பாள். குளிக்கவும் தூங்கவும் தவிர நான் அதைக் கழற்றியதில்லை.

இந்த லட்சணத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் டிரெய்னி. அம்மா இருபது வருஷத்துக்கு மேலாக வேறொரு கம்பெனியில் அணுகுண்டுக்குச் சணல் சுற்றுகிறவள். வேலை பார்க்கிற இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அறியாதவள். எனக்கு ஆர்டர் வந்த அன்று தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவள், குடத்தை நிரப்பாமலே ஒரு மணி நேரம் நின்று, "என் மகன் போர்மேன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினாள். எனக்கும் அந்த வேலை வேண்டும். எங்கள் குடும்பத்தில் பட்டாசை உருட்டியவர்கள் உண்டு, சுற்றியவர்கள் உண்டு, அடுக்கியவர்கள் உண்டு. அது எப்படி வெடிக்கிறது என்று படித்தவன் நான் ஒருத்தன்தான்.

இன்டர்வியூவில் சீனியர் போர்மேன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உள்ள எதுக்குத் தம்பி காட்டன் மட்டும் போடச் சொல்றோம்?"

விடுவேனா. நைலான் உடம்பில் உரசினால் மின்னேற்றம் எப்படிச் சேரும், அது ஒரு சின்னப் பொறியாக எப்படித் தாவும், வெடிமருந்துத் தூசிக்கு அந்தப் பொறியே எப்படிப் போதும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் அசந்துபோய் வேலையைக் கொடுத்தார். ஆபீஸ் கேட்டுக்கு வெளியே இருந்ததால் அன்றைக்குச் சோதனை கிடையாது. விளக்கிக்கொண்டிருந்தபோது என் நெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தது முழு நைலான்.

முதல் நாள் கேட்டில் சுவர் உயரத்துக்கு எழுதிப் போட்டிருந்தது: "பருத்தி ஆடை மட்டும்". படித்துவிட்டு, காட்டன் சட்டை, காட்டன் பேன்ட் என்று என்னை நானே ஒருமுறை பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு போய் நின்றேன். சத்தியமாக வேறெதுவும் தோன்றவில்லை. வாட்ச்மேன் அண்ணாச்சி செல்போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார். மீசை மட்டும் கனமான, மற்றபடி குச்சி மாதிரியான ஆள்.

"கைய விரிங்க."

விரித்தேன். விலாவில் தடவிக்கொண்டே வந்தவர் நின்றார். சட்டைக்கு மேலே விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"உள்ள என்ன போட்டுருக்கீக?"

"பனியன், அண்ணாச்சி."

"பனியன் இப்படிக் கல்லு மாதிரி இருக்காதே. எங்க, காட்டுங்க பாப்போம்."

மேல் பட்டனைக் கழற்றிக் காட்டினேன். இரண்டு விரலால் துணியைப் பிடித்து இழுத்துவிட்டார். அது டப்பென்று திரும்பி என்னை அடித்தது.

"நைலானு," என்றார். "போர்மேன் வேலைக்குத்தான வந்துருக்கீக?"

"ஆமா."

"நல்லா வந்தீக."

அப்போதுதான் உறைத்தது. அதை நான் உடை என்றே நினைக்கவில்லை. உடம்பு என்று நினைத்திருக்கிறேன். கேட்டில் வந்து உடம்பைக் கழற்றி வை என்றால் எவனுக்குத்தான் தோன்றும்.

அவருடைய ரூமில் போய்க் கழற்றச் சொன்னார். ரூம் என்றால் ஒரு ஸ்டூல், ஒரு மண்பானை, செல்போன் வைக்கிற மரப் பெட்டி. கழற்றுகிற மல்யுத்தம் ஆரம்பித்ததும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டினார். பனியனை அந்தக் கையில் வைத்தேன். செல்போன் பெட்டியில் அது நுழையவில்லை. ஆணியில் தொங்கவிட்டார். என்னைவிட விறைப்பாக நின்றது.

அன்றைக்கு முழுக்கக் கூனிக்கொண்டே நடந்தேன். சட்டை, பனியன் போட்ட உடம்புக்கு எடுத்த சைஸ், பட்டனுக்குப் பட்டன் பிதுங்கியது. சீனியர் போர்மேன் ரூம் ரூமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு ரூமுக்கும் முன்னால் செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கொஞ்ச மின்னேற்றத்தையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும். அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. என் கவனமெல்லாம் குறிப்பெழுதக் கொடுத்து, நான் வயிற்றுக்கு நேராகப் பிடித்திருந்த அட்டையில் இருந்தது.

"ஏம்லே கூனிக்கிட்டே வார? வயித்து வலியா?"

"ஆமா சார்."

"ஓமத்தண்ணி குடி. நாளைக்கு நிமுந்து வா. கூனுற ஆளுக்கு இங்கன எவளும் பயப்பட மாட்டா."

சாயங்காலம் திருத்தங்கல் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் நண்பனுக்கு மெசேஜ் போட்டேன், வேலை செட் ஆகவில்லை என்று. அவன் காலண்டருக்கு டிசைன் செய்கிறவன். உடனே குரலிலேயே பதில் அனுப்பினான். "அந்த வெடிக் கம்பெனி எதுக்குலே? இங்கன வந்துரு. ஏசி ரூம்பு. ஆளு வேணும்னு மொதலாளி நேத்துதான் கேட்டாரு. நாளைக்கழிச்சு வா, பாத்துரலாம்." பிரஸ்ஸில் கேட்டில் யாரும் விலாவைத் தடவமாட்டார்கள். எனக்கு அது ஒன்று போதும்.

அம்மாவிடம் பாதியைச் சொன்னேன், பனியனைக் கழற்றச் சொன்னார்கள் என்று. கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதப் போட்டுக்கிட்டா உள்ள போன?"

"உள்ள போகல. கேட்டுலயே புடிச்சுட்டாக."

"புடிச்சவுக நல்லாருக்கணும்."

கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். அவள் கம்பெனியில் ஒருமுறை ஒரு ரூம் வெடித்துப் போயிருக்கிறது. அதைப் பற்றி அவள் சொல்வதெல்லாம் "அந்த ரூமு" என்ற இரண்டு வார்த்தைதான். நான் சின்ன வயசில் துருவித் துருவிக் கேட்டும் மூன்றாவது வார்த்தை வந்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும், "எதுக்குலே அதப் போடுற?" என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். சட்டையைக் கழற்றினேன்.

பார்த்தாள். துணிக்கடையில் சேலை எடுப்பதுபோல வயிற்றுத் தோலைக் கொத்தாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இம்புட்டயுமா நீ கொறச்ச?"

"ஆமா."

"நெறையத்தான் எளைச்சிருக்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பெட்டியைக் குடைந்தாள். துவைத்துத் துவைத்து நைந்த ஒரு பழைய காட்டன் சேலையை எடுத்துவந்தாள். "காட்டன்தான கேக்குறாக. காலைல கட்டி விடுறேன். உன்னப் பெத்தப்ப எனக்கு இப்படித்தான் கட்டிவிட்டாக. ஒரே மாசத்துல வயிறு உள்ள போயிருச்சு."

காலையில் என்னைச் சுவரில் கைவைத்து நிற்கச் சொல்லி, மூச்சை இழுக்கச் சொல்லி, சேலையை நீளவாக்கில் மடித்துச் சுற்றினாள். அணுகுண்டுக்குச் சணல் சுற்றுகிற கை. சுற்றி முடித்ததும் நான் பிளெக்ஸில் இருக்கிற ஆளைவிட அம்சமாக இருந்தேன். முடிச்சுப் போட்டால் சட்டைக்கு மேலே துருத்தும் என்று நான்தான் தடுத்தேன். நுனியை உள்ளே செருகிவிட்டாள். என் புத்திசாலித்தனம் எனக்குச் செய்த கெடுதல்களில் அதுவும் ஒன்று.

கேட்டில் அண்ணாச்சி விலாவைத் தடவினார்.

"இன்னிக்கு என்ன?"

"காட்டன் சேல, அண்ணாச்சி."

அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்கமாட்டார். சுவரில் எழுதியிருந்ததை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "சேல கூடாதுன்னு இல்ல," என்று விட்டுவிட்டார்.

பத்து மணிவரை ராஜாவாக இருந்தேன். நிமிர்ந்து நடந்தேன். குரலிலேயே ஒரு கனம் வந்துவிட்டது. அணுகுண்டு சுற்றும் ரூமுக்குப் போனேன். நான்கு பெண்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சணலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் மூத்தவளான அக்கா ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், என்னை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க சார்" என்றாள். நான் குனிந்து ஒரு குண்டை எடுத்து அமுக்கிப் பார்த்து, "சுத்து டைட்டா இருக்கணும். லூசா இருந்தா வெடிக்காது, புஸ்ஸுனு போயிரும்," என்றேன். இருபது வருஷம் சுற்றுகிறவர்களிடம் இரண்டு நாள் சர்வீஸ் உள்ளவன் சொன்னான். எனக்கு அது செம பில்டப்பாகத்தான் இருந்தது.

நிமிர்ந்து திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை. நான்கு பேரும் சுற்றுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"சார்," என்றாள் அக்கா மெதுவாக. "ஒங்களுக்குத் திரி வெளிய நிக்குது."

திரும்பிப் பார்த்தேன். சட்டைக்கு அடியிலிருந்து பூப்போட்ட காட்டன் சேலை ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரமாக உள்ளே தள்ளினேன். தள்ளத் தள்ள மறுபக்கம் இறங்கியது. இரண்டடி எடுத்துவைத்தேன். மூன்று முழமானது.

"யாரும் பத்த வச்சிராதீகடி," என்றாள் இன்னொருத்தி.

அவ்வளவுதான். எதுவும் வெடிக்கக் கூடாத அந்த ரூமில் சிரிப்பு வெடித்துவிட்டது. அக்கா எழுந்து வந்து நுனியைப் பிடித்தாள். கையால் அளந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பே இல்லாமல், "சுத்து லூசு. இப்படிச் சுத்துனா நம்ம கம்பெனில ரிட்டன்," என்றாள். அப்புறம் மடிப்பைப் பார்த்தாள். "ஏ, இது பிரசவக் கட்டுல்லா. எத்தனாவது சார்? ஆணா, பொண்ணா?"

பொய் சொல்ல எதுவும் அகப்படவில்லை. வேட்டி நழுவியவன் மாதிரி சேலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, குண்டாக இருந்ததை, குறைத்ததை, தோல் நின்றதை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன்.

"அப்ப மருந்தக் கொட்டிட்டீக, சாக்கு மட்டும் மிச்சம்," என்றாள் அக்கா.

"ஆமா."

"எனக்கும்தான் இருக்கு, மூணு பெத்த சாக்கு. எம்புருசன் ஒரு நாளு கேட்டாரு, இது எப்படி உள்ள போகும்னு. நீங்க மொதல்ல ஒங்க தொந்திய உள்ள போடுங்க, பெறகு பேசுவோம்னேன். இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறக்கல." மற்ற மூவரும் அந்தப் புருஷனுக்காக ஒரு தடவை சிரித்தார்கள். "தள்ளுங்க, கட்டி விடுறேன்."

"வேண்டாம்க்கா."

"சரி, அவுத்தாச்சும் போடுங்க. தடுக்கி விழுந்தா நாங்கல்ல சாவோம்."

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண்ணை எடுக்காமல், நான் அந்தச் சேலையை முழுக்க உருவி வெளியே கொண்டுபோய் மடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். புள்ளப்பெத்த சார். சாப்பாட்டுக் கொட்டகையில் ஒருத்தி பூண்டுக் குழம்பை என் தட்டில் ஊற்றி, "பால் ஊறும்," என்றாள். அணுகுண்டிலிருந்து இந்தப் பெயர் வரைக்கும் வருவதற்கு நான் அறுபது கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி முடிவெடுத்தேன். பிரஸ்தான். மறுநாள் காலையில், பழைய மல்யுத்தத்தை முடித்து, ரப்பர் பனியனுக்குள் இருந்தேன். முதல் நாள் சாயங்காலமே அண்ணாச்சி பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருந்தார். அம்மா சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், என் விறைப்பைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். திட்டியிருக்கலாம்.

பஸ் ஸ்டாப்பில் என் பிளெக்ஸுக்குக் கீழேயே திருத்தங்கல் பஸ்ஸுக்கு நின்றேன். அது வருவதற்குள் கம்பெனி வேன் வந்துவிட்டது. வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். டிரைவர் ஆள் தெரிந்து நிறுத்திவிட்டார். ஜன்னல்வழியாக அக்கா தலையை நீட்டினாள். என்னைப் பார்த்தாள், எனக்கு மேலே பார்த்தாள்.

"ஏ, இங்க பாருங்கடி. நம்ம சாரு." இடது பக்கத்துப் படத்தைக் காட்டினாள். "இது கட்டுறதுக்கு முந்தி." வலது பக்கத்தைக் காட்டினாள். "இது கட்டுனதுக்குப் பெறகு."

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்கும் வந்தது, நிஜமாகவே வயிற்றின் அடியிலிருந்து வந்தது. பாதி வழியில் பனியன் அதைப் பிடித்து நிறுத்தியது. அதற்குள் சிரிக்க இடமில்லை. விக்கல் எடுப்பவன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

"என்ன சார் திணறுறீக? ஏறுங்க. பச்ச ஒடம்பு, எடம் விடுங்கடி."

பின்னால் திருத்தங்கல் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நான் வேனில் ஏறினேன். பெரிய ஞானமெல்லாம் இல்லை. வழியை அடைத்துக்கொண்டு இரண்டு வண்டியையும் காக்க வைத்திருந்தேன், ஏதாவது ஒன்றில் ஏறியாக வேண்டும். சிரித்துக்கொண்டிருந்த வண்டியில் ஏறினேன்.

கேட்டில் நானே ரூமுக்குள் போய்க் கழற்றி ஆணியில் மாட்டினேன். அண்ணாச்சி செல்போனுக்கு மட்டும் டோக்கன் கொடுத்தார்.

மதியத்துக்கு மேல் வெம்பக்கோட்டைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மேடையில் தட்டுத் தட்டாகக் குண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. தீபாவளிக்குப் போகவேண்டிய லோடு. கம்பெனிக்குள் ஓடக் கூடாது என்பது விதி. ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, அந்த வேகத்தில் எல்லோரும் தட்டுகளைத் தூக்கினோம். என் வயிறு கைதட்ட ஆரம்பித்தது. இரண்டாவது நடையிலேயே தூறல் பெரிதாகி, வெள்ளைக் காட்டன் சட்டை நனைந்து, கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டது. நான் இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது இதுதான், பட்டப்பகலில், நாற்பது பேர் நடுவில். இரண்டு கையிலும் தட்டு. மறைக்க மூன்றாவது கை கிடையாது. எதிரே சீனியர் போர்மேன் வந்தார். என்னைப் பார்த்தார். பார்த்தார் என்பது நிச்சயம்.

"அந்த ஓரத்துத் தட்டப் புடிலே, நனையுது," என்றார்.

பிடித்தேன். தூரத்தில் இடி கேட்டதும் வேலையை நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். இடி இடித்தால் உள்ளே ஆள் இருக்கக் கூடாது. வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. டோக்கனைக் கொடுத்து, செல்போனை வாங்கி, ஓடிப்போய் ஏறினேன். போனில் நண்பன், "என்னலே, வரலயா?" என்று கேட்டிருந்தான். "இப்ப இல்ல," என்று போட்டேன். அக்கா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, நாளைக்குக் காய்ந்ததையும் நனைந்ததையும் யார் பிரிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சண்டையில் நானும் கலந்துகொண்டேன். போர்மேன் என்ற முறையில்.

வீட்டுக்கு வந்து சட்டையைப் பிழியும்போதுதான் பனியன் ஆணியில் தொங்குவது நினைவுக்கு வந்தது. ராத்திரி தூக்கத்தில்கூட ஒரு கணம் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். தோலை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. இதை எழுதுகிறபோதுகூட மடியில் கிடக்கிறது, பூனை மாதிரி, பூனையின் அழகில்லாமல்.

மறுநாள் காலையில் அம்மா சேலையை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறும் காட்டன் பனியனும், பெரிய சைஸ் பழைய சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். அண்ணாச்சி வழக்கம்போலக் கையை விரிக்கச் சொன்னார். தடவிக்கொண்டே வந்தவரின் கையில் விலாவுக்குக் கீழே ஒரு கொத்து அகப்பட்டது. நின்றார்.

"இன்னிக்கும் போட்டுட்டு வந்துட்டீகளா?"

"அது ஒங்க ஆணிலதான் தொங்குது அண்ணாச்சி. நேத்து எடுக்காமப் போயிட்டேன்."

ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். தொங்கியது. திரும்பவும் கையில் இருந்ததை லேசாக அமுக்கினார்.

"அப்ப இது?"

"காட்டன்," என்றேன்.

சுவரில் எழுதியிருந்ததை அண்ணாந்து பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "போங்க," என்றார்.